தில்லியின் புதுப் பேட்டைகள்

தலைநகர் தில்லியைக் குறித்து எழுதப் புகுவோர் பெரும்பாலும் குதுப்மினாரில் தொடங்கிச் செங்கோட்டையில் முடித்துவிடுவர். ஊரிலிருந்து வரும் சுற்றத்தாரை நாம் அழைத்துச் செல்வதும் அந்தத் தடத்திலேதான். காலையில் குதுப், நண்பகலில் ஹுமாயூன் கல்லறை, மாலையில் இந்தியா கேட், மறுநாள் ஆக்ரா. இரண்டே நாளில் 800 ஆண்டு வரலாற்றைக் காட்டிவிட்ட நிறைவோடு அவர்களை இரயிலேற்றி அனுப்பிவிட்டு, நாம் நம் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி வருவோம். அந்தக் குவார்ட்டர்ஸும், அதன் எதிரே இருந்த காய்கறிச் சந்தையும், நாம் பேருந்துக்குக் கால்கடுக்க நின்ற வட்டச் சாலையும் வரலாற்றைச் சேர்ந்தவை என்று நமக்குத் தோன்றியதே இல்லை. சுல்தான்கள் கட்டியது வரலாறு. பொதுப்பணித் துறை கட்டியது வீடு. இவ்வளவே நம் கணக்கு.

இக்கணக்கு பிழையானது என்பதை நான் உணரப் பல ஆண்டுகள் ஆயின. உணர்ந்தபோது, நான் எழுத விரும்பிய பேட்டைகளுள் சில மண்மேடாகிக் கிடந்தன. ஆகவே எஞ்சியிருப்பவற்றையும் மறைந்தவற்றையும் சேர்த்தே இங்கு ஒருமுறை சுற்றி வருவோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் நலம். தில்லியில் ‘புதியது’ என்ற சொல்லுக்கே ஒரு தனிப் பொருள் உண்டு. நம் மதுரை ஓரிடத்தில் நிலைத்து நின்று, ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி எனச் சுற்றுச் சுற்றாய் வளர்ந்த நகரம். தில்லியோ இடம் பெயர்ந்துகொண்டே இருந்த நகரம். அலாவுதீன் கில்ஜிக்குச் சிரி புதிது. கியாசுதீனுக்குத் துக்ளகாபாத் புதிது. பிரோஸ் ஷாவுக்கு யமுனைக்கரைப் பிரோசாபாத் புதிது. இன்று நாம் ‘பழைய தில்லி’ என்றழைக்கும் ஷாஜகானாபாத், 1648-ஆம் ஆண்டில் பேரரசர் குடிபுகுந்தபோது அரண்மனைச் சுண்ணாம்பு வாசம் மாறாத புத்தம்புது நகரமாக இருந்தது. பழமை என்பது இந்நகரில் ஒவ்வொரு பேட்டைக்கும் வயது ஏறியபின் வந்து சேர்வது. வந்து சேரும்வரை அந்தப் பேட்டை உயிரோடிருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

ஆங்கிலேயர் கட்டிய புதுத்தில்லியின் கதையும் ஓர் இடமாற்றத்திலேயே தொடங்குகிறது. 1911 டிசம்பர் 12-ஆம் நாள் நடைபெற்ற முடிசூட்டு தர்பாரில், கல்கத்தாவிலிருந்து தலைநகர் தில்லிக்கு மாற்றப்படுவதாக ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். மூன்று நாள் கழித்து, நகரின் வடபுறத்திலே, தர்பார் முகாமிலேயே அடிக்கல்லும் நாட்டப்பட்டது. பின்னர் வந்த வல்லுநர் குழு, அவ்விடம் வெள்ளத்துக்கும் கொசுவுக்கும் ஏற்ற இடமேயன்றித் தலைநகருக்கு ஏற்றதன்று எனக் கண்டு, தெற்கே ரெய்சினாக் குன்றைத் தேர்ந்தது. மன்னர் கையால் நாட்டிய கல்லையே பெயர்த்தெடுத்துக் கொண்டுபோக வேண்டியதாயிற்று!

ரெய்சினாவில் மனிதர் இல்லாமல் இல்லை. ரெய்சினா, மால்ச்சா முதலிய ஊர்களின் நிலங்கள் 1894-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்கீழ் எடுக்கப்பட்டன. மால்ச்சாவினர் பலர் இன்றைய அரியானாவின் சோனிபட் பகுதிக்குப் போய்க் குடியேறினர். அவர்கள் வழிவந்தோர் நூறாண்டு கழித்தும் இழப்பீட்டுக்காக நீதிமன்றப் படியேறினர் என்றால், அந்தக் காயத்தின் ஆழம் புரியும். அவ்வூரின் பெயர் இன்று தூதரகங்கள் நிறைந்த சாணக்கியபுரியில் ‘மால்ச்சா மார்க்’ என ஒரு சாலையில் மட்டும் தங்கியிருக்கிறது. எட்வின் லட்யன்ஸும் ஹெர்பர்ட் பேக்கரும் வரைந்த அந்த அழகிய அறுகோணங்களும் நீண்ட மரநிழற் சாலைகளும் உழவர் பலரின் வயல்களின்மேல் வரையப்பட்டவை.

நாம் காலைநடை போகும் லோதி தோட்டத்தின் கதை இன்னும் வியப்பானது. அங்கிருந்த கல்லறைகளைச் சுற்றிக் கைர்ப்பூர் என்றோர் ஊர் இருந்தது. கல்லறைகள் பொலிவுறத் தெரியவேண்டும் என்பதற்காக ஊர் அகற்றப்பட்டு, 1936-ஆம் ஆண்டில் ‘லேடி வில்லிங்டன் பூங்கா’ திறக்கப்பட்டது. இறந்தோர் தங்கினர், இருந்தோர் பெயர்ந்தனர். இந்நகரின் நெடுங்கால வழக்கம் இது என்பதைப் படிப்போர் மனத்தில் கொள்ளவேண்டும், பின்னால் பயன்படும்.

இனிக் கன்னாட் பிளேஸுக்கு வருவோம். மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா, ராஜா கா பஜார் ஆகிய குடியிருப்புகள் இருந்த இடம் அது. ராபர்ட் டார் ரஸ்ஸல் என்னும் கட்டிடக் கலைஞரின் திட்டப்படி 1929-இல் தொடங்கி 1933-இல் முடிந்தது. வெண்தூண் வரிசை, வட்டமான நடைபாதை, நடுவே புல்வெளி. அருகிலேயே 1724-இல் ஜெய்ப்பூர் அரசர் இரண்டாம் ஜெய்சிங் அமைத்த ஜந்தர் மந்தர் வான்கணிப்புக் கூடம் நிற்கிறது. கோள்களின் வட்டத்தை அளந்த இடத்தின் பக்கத்தில் வணிகர்களின் வட்டம் அமைந்தது பொருத்தமே.

கட்டிமுடித்தபோது அங்கே கடைபோட ஆளில்லை என்று முதியோர் சொல்வதுண்டு. இன்றோ பூமிக்கடியில் மெட்ரோ இரயில், அதற்குப் பக்கத்தில் பாலிகா பஜார், மேலே வாகனச் சுழல். 1995-இல் அரசு அதற்கு ராஜீவ் சவுக் என்று பெயரிட்டது. இரயிலில் அறிவிப்பது அப்பெயரைத்தான். இறங்கியபின் மக்கள் சொல்வது ‘சி.பி.’ என்பதையே. ரீகல் திரையரங்கு 1932-இல் திறந்து 2017-இல் மூடியது. அங்கு கூடியிருந்த இந்தியன் காபி ஹவுஸ், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், இடிபட்டது. அரசியல் பேசிய வாய்களுக்கு அஞ்சி இடித்தார்கள் என்பது அன்றைய காபி ஹவுஸ்காரர்களின் துணிபு. பின்னர் அது மோகன் சிங் பிளேஸின் மேல்மாடிக்குப் போயிற்று.

நம்மவர்க்குக் கன்னாட் பிளேஸ் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வேறு. வெளிவட்டத்தில் மெட்ராஸ் ஹோட்டல் என்றோர் உணவகம் இருந்தது. இட்டிலியும் சாம்பாரும் வட இந்தியர்க்குப் புதுமையாயிருந்த காலத்தில், தென்னாட்டு வாலிபன் தில்லிக் குளிரில் முதன்முதலாக வயிறார உண்டது பெரும்பாலும் அங்கேதான். அதன் எதிரே பெரிய பேருந்து நிலையம். ஆதலால் பேருந்துப் பலகைகளிலேயே ‘மெட்ராஸ் ஹோட்டல்’ என்று இந்தியில் எழுதியிருக்கும். பஞ்சாபிய நடத்துநர்கள் நாள் முழுதும் நம் ஊர்ப் பெயரை உரக்கக் கூவிக்கொண்டிருப்பார்கள். உணவகம் மூடிப் பல்லாண்டுகள் ஆனபின்னும் மக்கள் அவ்விடத்துக்கு அப்பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தனர். கல்வெட்டில்லாமலே நிலைத்த பெயர் அது. மன்னர் ஜார்ஜின் நிலையோ வேறு. இந்தியா கேட்டின் அருகே மண்டபத்தின்கீழ் நின்ற அவர் சிலை 1968-இல் அகற்றப்பட்டுப் பின்பு பழைய தர்பார் திடலின் ஓரத்தில் போய் நின்றது. மண்டபம் அரை நூற்றாண்டுக்கு மேல் வெறுமையாய்க் கிடந்து, 2022-இல் நேதாஜியின் கருங்கற்சிலையை ஏற்றது.

தமிழர் இங்கு வந்தது எப்போது, எதனால்? தலைநகருடன் அலுவலகங்கள் பெயர்ந்தன. அலுவலகங்களுடன் எழுத்தர்கள் பெயர்ந்தனர். ஆங்கிலமும் கணக்கும் சுருக்கெழுத்தும் அறிந்த சென்னை மாகாணத்தார்க்கு அரசுப் பணியில் இடமிருந்தது. கோடையில் சிம்லா, குளிர்காலத்தில் தில்லி என அரசாங்கமே மூட்டைகட்டிய காலம் அது. புதுத்தில்லியில் வீடுகள் நிறத்தையும் பதவியையும் பார்த்தே பிரிக்கப்பட்டன. உயர் அலுவலர்க்கு ஏக்கர்க்கணக்கில் தோட்டமுள்ள பங்களா. இந்திய எழுத்தர்க்கு கோல் மார்க்கெட்டைச் சூழ்ந்த சதுக்கங்களில் சிறுவீடு. அந்தச் சிறுவீடுகளில் குடியிருந்தோர் தம் பிள்ளைகள் தாய்மொழி மறவாதிருக்க 1923-ஆம் ஆண்டிலேயே மதராசிக் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தனர். இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்ற பெயரில் ஏழு பள்ளிகளை நடத்துவது அதுவே. புதுத்தில்லியின் திறப்புவிழா நடந்தது 1931-இல். அதாவது, தலைநகர் கட்டிமுடியுமுன்பே நம்மவர் பள்ளி கண்டுவிட்டனர். தமிழ்ச் சங்கம் 1946-இல் பிறந்தது.

அடுத்த ஆண்டு நாடு பிரிந்தது. அதன்பின் தில்லி முன்பிருந்த தில்லியன்று. 1941-இல் ஏறத்தாழ 9 இலட்சமாயிருந்த மக்கள்தொகை, 1951-இல் 17 இலட்சத்தைத் தாண்டியது. மேற்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புற மாகாணத்திலிருந்தும் சிந்துவிலிருந்தும் ஏறக்குறைய 5 இலட்சம் பேர் உடுத்த துணியுடன் வந்து சேர்ந்தனர். தலைமுறை தலைமுறையாய் இங்கு வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் இலட்சக்கணக்கில் வெளியேறின. வந்தவர்களுக்காக லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர், படேல் நகர், மால்வியா நகர் என வரிசையாக எழுந்தன காலனிகள். இன்று நாட்டின் மிக உயர்ந்த வாடகையுள்ள கடைத்தெருக்களுள் ஒன்றான கான் மார்க்கெட், 1951-இல் எல்லைப்புற அகதிகளுக்காகக் கட்டப்பட்ட கடைவரிசையே. எல்லை காந்தியின் தமையனார் டாக்டர் கான் சாகிபின் பெயர் அதற்கு. அதை ஒட்டிச் செல்லும் சாலையின் பெயர் சுப்பிரமணிய பாரதி மார்க். பெஷாவரும் எட்டயபுரமும் சந்திக்கும் அந்த முனையில் நின்று, இரண்டு பெயர்ப்பலகைகளையும் சேர்த்துப் படித்தவர் எத்தனை பேரோ!

கரோல் பாக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கன்னாட் பிளேஸுக்காகப் பெயர்க்கப்பட்டவர்கள் குடியேறிய இடம் அது. பிரிவினைக்குப்பின் பஞ்சாபியர் வந்து நிறைந்த இடமும் அதுவே. அவர்கள் கைக்குக் கிடைத்த நிலத்தில் வீடெழுப்பினர். கடன் அடைக்க மேல்மாடியை வாடகைக்கு விட்டனர். மொட்டைமாடியில் ஓரறையும் சிறு சமையற்கட்டுமாக அமைந்த அதற்கு ‘பர்சாத்தி’ என்று பெயர். அதில் குடிவந்தவன் பெரும்பாலும் மத்திய அரசில் புதிதாய்ச் சேர்ந்த தமிழ்நாட்டு இளைஞன். கீழே ஊரை இழந்த குடும்பம். மேலே ஊரை விட்டு வந்த பிள்ளை. வீட்டுக்காரப் பெண்மணி, ‘மதராசி எங்கே ஓடப்போகிறான், மாதம் முதல் தேதி வாடகை வரும்’ என்று நம்பி வீடு கொடுத்தார். அந்நம்பிக்கை பொய்க்கவில்லை. நாளடைவில் பூசா சாலையை ஒட்டிய தெருக்களில் வாழையிலையும் வெற்றிலையும் அப்பளமும் காப்பிக்கொட்டையும் கிடைக்கலாயின. மார்கழி விடியலில் திருப்பாவை ஒருபுறமும் குருத்வாராவின் கீர்த்தனை ஒருபுறமும் கேட்டெழுந்த தலைமுறை ஒன்று அங்கு வளர்ந்தது. மொழி தெரியாத இரு சாரார், சமையலறை வாசனையால் தொடங்கிய சிறுசிறு பூசல்களுடனும், சம்பள நாளுக்கு முன் கைமாற்றாய்க் கிடைத்த பத்து ரூபாய்களுடனும் ஒரு பேட்டையை உருவாக்கினர். இதை எந்த நகரமைப்பு வல்லுநரும் வரைபடத்தில் வரைந்ததில்லை.

வரைந்தவர் எழுத்தாளர்களே. 1965-இல் கஸ்தூரிரங்கன் ‘கணையாழி’ இதழைத் தொடங்கியது தில்லியிலேதான். இந்திரா பார்த்தசாரதி தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவாறே தலைநகரின் அதிகார உலகைத் ‘தந்திர பூமி’யில் காட்டினார். தி. ஜானகிராமன் வானொலிப் பணியில் இங்கிருந்தார். க.நா.சு. இங்கு வாழ்ந்தார். ஆதவனின் ‘காகித மலர்கள்’ முழுவதும் நாம் நின்ற பேருந்து நிறுத்தங்களும், நாம் குடியிருந்த காலனிகளும், நம் வீட்டு இளைஞரின் தவிப்பும் நிறைந்தவை. எழுபதுகளின் தில்லி எவ்வாறு ஒலித்தது என்று அறிய விரும்பும் வரலாற்றாசிரியன் ஒருநாள் தமிழ் கற்கவேண்டி வரும். இது மிகையன்று என்றே நினைக்கிறேன்.

விடுதலைக்குப்பின் பெருகிய அரசுப் பணியாளர்க்காகத் தெற்கே அடுக்கடுக்காய்க் காலனிகள் எழுந்தன. விநய் நகராகத் தொடங்கிச் சரோஜினி நகரானது ஒன்று. நேதாஜி நகர், நௌரோஜி நகர், கிழக்குக் கித்வாய் நகர் என மற்றவை. அறுபதுகளில் ராமகிருஷ்ணபுரம் வந்தது, ஆர்.கே. புரம் என்றால்தான் ஆட்டோக்காரருக்கு விளங்கும். அதன் குடியிருப்பு வரிசைகளுக்கிடையே லோதி காலத்துக் கல்லறைகள் நிற்கின்றன. படிக்கிணறு ஒன்றும் உண்டு. நம் பிள்ளைகள் கும்மட்டத்தின் நிழலில் கிரிக்கெட் ஆடினர். அங்குள்ள சிறு குன்றின்மேல் 1973-இல் குடமுழுக்குக் கண்ட சுவாமிநாத சுவாமி கோயிலை, தமிழறியாத தில்லிவாசிகளும் ‘மலை மந்திர்’ என்றழைக்கின்றனர். ‘மலை’ என்பதற்கு அவர்களிடம் வேறு சொல்லுண்டு. ஆயினும் நம் சொல் தங்கிவிட்டது. தமிழ்ச் சங்கத்தின் வாயிலில் வள்ளுவர் நிற்பதும் இதே ராமகிருஷ்ணபுரத்தில்தான்.

இந்த இடத்தில்தான் முன்னர் மனத்தில் கொள்ளச் சொன்ன வழக்கத்துக்குத் திரும்புகிறேன். 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டப்படி, ஒரு கட்டிடம் தேசியச் சின்னமாகப் பாதுகாக்கப்பட அதற்கு நூறு வயதாவது நிரம்பியிருக்க வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டின் பெயர் தெரியாத பிரபுவின் கும்மட்டத்துக்கு அந்தத் தகுதி உண்டு. டிபன்ஸ் காலனியில் அத்தகைய ஒரு கல்லறையைக் குடியிருப்போர் சங்கம் பல பத்தாண்டுகள் தன் அலுவலகமாக வைத்திருந்ததை உச்ச நீதிமன்றம் கண்டித்து, 2025-இல் அதை மீட்கச் செய்தது, செய்யவேண்டியதே. ஆனால் நாம் வாழ்ந்த பேட்டைகளுக்கு வயது போதவில்லை. கன்னாட் பிளேஸே இன்னும் நூறை எட்டவில்லை.

பிரகதி மைதானத்தின் கதையைக் கேளுங்கள். விடுதலையின் வெள்ளி விழாவையொட்டி 1972-இல் நடந்த ஆசியப் பொருட்காட்சிக்காக ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ எழுப்பப்பட்டது. கட்டிடக் கலைஞர் ராஜ் ரேவல். பொறியாளர் மகேந்திர ராஜ். உள்ளே ஒரு தூணும் இல்லாமல், முக்கோணம் முக்கோணமாய்ப் பின்னிய கான்கிரீட் சட்டகம். எஃகு போதாத நாடு, தன் தொழிலாளர் கையையே நம்பி வார்த்தெடுத்தது அது. நவம்பர் மாதப் பொருட்காட்சிக்குப் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனவர் நம்மில் எத்தனை பேர்! அறுபது வயது நிரம்பாத கட்டிடம் மரபுச் சின்னம் ஆகாது என்று உரிய குழு கருதியது. 2017 ஏப்ரலில் இரவோடிரவாக இடித்துவிட்டனர். அப்போது அதற்கு வயது 45.

அம்மைதானத்தில் 2023-இல் பாரத மண்டபம் திறக்கப்பட்டது. அதன்முன் 27 அடி உயர நடராசர் ஆடுகிறார். சுவாமிமலைச் சிற்பிகள் வார்த்தது. அதைக் காணும்போது எனக்குப் பெருமிதம் எழுவது உண்மை. அந்தப் பெருமிதம் அடங்குமுன்பே, முன்பு அங்கிருந்த கான்கிரீட் முக்கோணங்கள் நினைவில் எழுவதும் உண்மை.

காலனிகளின் முறை அதே சமயத்தில் வந்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்து, இருந்த 12,970 வீடுகளுக்கு மாற்றாக 25,000-க்கும் மேற்பட்ட வீடுகளும் வணிக வளாகங்களும் கட்ட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2018-இல் ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்பட இருந்தபோது, மக்கள் மரங்களைக் கட்டித் தழுவி நின்றனர். உயர் நீதிமன்றம் தடைவிதித்தது. தடையால் வேகம் குறைந்தது; திட்டம் நிற்கவில்லை.

நடுநிலையோடு சொல்வதானால், அந்த வீடுகளில் பல ஓட்டை உடைசலாகிவிட்டன. மழைக்காலத்தில் கூரையில் நீர் கசியும், மின்கம்பிகள் பழையவை. வீடில்லாமல் காத்திருக்கும் ஊழியர் பல்லாயிரவர். எல்லாவற்றையும் அப்படியே காப்பாற்றவேண்டும் என்று கேட்பது முறையாகாது. ஆனால் மால்ச்சாவுக்கு ஒரு சாலைப் பெயரும், கைர்ப்பூருக்கு அதுவுமின்றியும் போனது போல, இக்காலனிகளும் சுவடின்றிப் போகவேண்டுமா? எந்தத் தொகுதியில் முதல் நவராத்திரிக் கொலு பொதுவில் வைக்கப்பட்டது, எந்தப் பூங்காவில் முதல் தமிழ் நாடகம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்தது, எந்த வீட்டின் முன்னறையில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடந்தது என்பதைச் சொல்லக்கூடியோர் இன்னும் சிலரே உள்ளனர். அவர்களும் பணி ஓய்வு பெற்று, துவாரகாவுக்கும் நொய்டாவுக்கும் சென்னைக்கும் பிள்ளைகள் இருக்கும் அயல்நாடுகளுக்குமாகச் சிதறிவிட்டனர்.

நேதாஜி நகரில் எங்கள் தொகுதி இடிபடுவதற்குச் சில வாரங்களுக்கு முன் நானும் மனைவியும் ஒருமுறை சென்று வந்தோம். வீடுகள் காலியாகியிருந்தன, கதவுகளையும் சன்னல்களையும் பெயர்த்துப் போயிருந்தார்கள். பின்கட்டில் என் அன்னையார் ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றி இரயிலில் கொண்டுவந்து நட்ட கறிவேப்பிலைக் கன்று, மாடி உயரத்துக்கு மரமாகி நின்றது. மரக்கணக்கு எடுக்க வந்தவர்கள் அதன் அடிமரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பால் ஓர் எண்ணை எழுதியிருந்தனர். பக்கத்து வீட்டில் முன்பு குடியிருந்த பஞ்சாபியப் பெண்மணியும் அன்று தம் மகனுடன் வந்திருந்தார். ‘அம்மாஜியின் மரம்’ என்று இந்தியில் தம் மகனுக்குச் சொல்லிவிட்டு, முந்தானையில் ஒரு கொத்துப் பறித்து முடிந்துகொண்டார். நாங்களும் பறித்துக்கொண்டோம்.